பொன்ஜீன் ஆண்டகை: பாடசாலைக்காக வழக்காடிய பிரெஞ்சுத் துறவி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிப்பவர்களுக்கும், ஒரு காலத்தில் அங்கு வசித்துவிட்டு இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் குடியேறியிருப்பவர்களுக்கும் பொன்ஜீன் வீதி நன்கு பரிச்சயமானது. 1983 ஜூலைக்குப் பின்னர் வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் தபால் முகவரியில் அந்தப் பெயர் இருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்காக முகவர்களின் வாசலில் காத்திருந்த காலத்தை அந்த வீதியோடு சேர்த்தே நினைவுகூருபவர்கள் உள்ளனர். ஆனால், பொன்ஜீன் யார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்று நினைப்பவர்களே அதிகம்.

அவர் அதிகாரி அல்லர். ஆங்கிலேயரும் அல்லர். கொழும்பின் முதலாவது பேராயரான கிறிஸ்தோபர் பொன்ஜீன் ஆண்டகை ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் இலங்கையில் வாழ்ந்த முப்பத்தாறு ஆண்டுகளில் இருபத்தேழு ஆண்டுகளை யாழ்ப்பாண மறைத்தளத்திலேயே கழித்தார். கொழும்பு அவருக்கு வீதியின் பெயரைத் தந்தது. ஆனால், அவர் தம்முடைய பெரும் போராட்டத்தைத் தொடங்கியதும், அதன் பலனைக் கண்டதும் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக மட்டுமே அவர் நடத்திய அந்த வழக்கின் பலன், அவர் எண்ணியிராத வகையில் சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் சேர்ந்தே கிடைத்தது. இக்கட்டுரையை நான் எழுதுவதற்கு அதுவே காரணம்.

1823ஆம் ஆண்டு பிரான்ஸின் மத்திய பகுதியிலுள்ள றியோம் என்ற ஊரில் பொன்ஜீன் பிறந்தார். அதே 1823இல்தான் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தமது புகழ்பெற்ற செமினறியைத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய ஆண்டில், 1822இல், நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றை ஒரு நாடகமாக எடுத்துக்கொண்டால், அதன் மூன்று முக்கிய பாத்திரங்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் மேடைக்கு வந்துவிட்டன எனலாம். இது வெறும் தற்செயல்தான். ஆனால், செய்தியாளனின் கண்ணுக்கு இத்தகைய தற்செயல்கள் தப்புவதில்லை.

பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருவாக அவர் முதலில் வந்து சேர்ந்தது தமிழகத்துக்கே. 1840களின் பிற்பகுதியில் கோயம்புத்தூர் மறைத்தளத்துக்கு வந்த அவர், சில ஆண்டுகள் அங்கு பணியாற்றிய பின்னர் சபை மாறத் தீர்மானித்தார். 1856இல் யாழ்ப்பாணம் வந்து அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையின் முதற் குருமார் 1847இல்தான் இலங்கைக்கு வந்திருந்தனர். வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டுவிட்டது. தென்னாசியாவில் எங்கும் பேசப்பட்ட அந்தப் புரட்டஸ்தாந்து உயர்கல்விக் கூடத்தின் கதவு சாத்தப்பட்ட மறு ஆண்டில் இந்தப் பிரெஞ்சுக் குரு யாழ்ப்பாண மண்ணில் கால் வைத்தார்.

அவர் வந்தபோது யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்களின் நிலை விசித்திரமானது. தொகையில் அவர்கள் புரட்டஸ்தாந்தரைவிடப் பல மடங்கு அதிகம். கல்வியிலோ மிகவும் பின்தங்கியிருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியில் தடைசெய்யப்பட்ட சமயமாகவே கத்தோலிக்கம் இருந்தது. 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் வந்த கோவைக் குருமாரும், அதாவது இந்தியாவின் கோவாவிலிருந்து வந்தவர்கள், அந்த விசுவாசத்தை இரகசியமாகக் காத்தனர். காட்டுக்குள்ளும் கடற்கரைக் குடிசைகளிலும் பூசை வைத்த குருமாரால் பள்ளிக்கூடம் கட்ட முடியுமா? கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகளை ஆங்கிலேயர் 1806இல் நீக்கினர். ஆனால், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வெஸ்லியன் மிஷன், அமெரிக்க மிஷன், சேர்ச் மிஷன் ஆகிய மூன்றும் யாழ்ப்பாணத்தில் இறங்கி, ஊர்தோறும் பாடசாலைகளை அமைக்கத் தொடங்கிவிட்டன. குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கடலோரக் கத்தோலிக்கக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, மாற்றுச் சபையாரின் பாடசாலைக்குப் போவது. மற்றது, போகாமலே இருந்துவிடுவது.

அரசாங்கப் பாடசாலை இல்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருந்தது. அங்குதான் சிக்கலே தொடங்குகிறது. 1841இல் அமைக்கப்பட்ட மத்திய பாடசாலை ஆணைக்குழு அரச கல்வியை நிர்வகித்தது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் 'பொதுப்' பாடசாலை என்பதே அதன் கொள்கை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாடசாலையின் முதல் மணித்தியாலம் கிறிஸ்தவ போதனைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆணைக்குழுவில் புரட்டஸ்தாந்தரின் கையே ஓங்கியிருந்தது. ஆகவே, 'பொது' என்ற பெயரில் நடந்தது நடைமுறையில் புரட்டஸ்தாந்து பாடசாலையே என்று கத்தோலிக்கர் கருதினர். விரும்பாத பிள்ளை அந்த மணித்தியாலத்தில் வெளியே நிற்கலாம் என்ற சலுகையை வைத்து எந்தச் சிறுபான்மைப் பெற்றோரையும் ஆறுதல்படுத்த முடியாது என்பதை, சிறுபான்மையினராக வாழ்ந்து பழகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பொன்ஜீன் அடிகளார் பேனாவை எடுத்தது இந்த இடத்தில்தான். 1860களின் தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட துண்டுப்பிரசுரங்கள், 'சமயம்சார் பாடசாலையா, கலப்புப் பாடசாலையா' என்ற கேள்வியை நேரடியாகவே எழுப்பின. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், தமிழ் ஊரில் இருந்துகொண்டு, ஆங்கிலேய அரசாங்கத்தோடு அதன் மொழியிலேயே வாதாடினார். அவருடைய வாதத்தின் சாரம் எளிமையானது. பிள்ளையின் கல்வி முதலில் பெற்றோரின் உரிமை. சமயத்தையும் கல்வியையும் வெட்டிப் பிரிக்க முடியாது. எனவே, ஒவ்வொரு சமயத்தவரும் தத்தம் பாடசாலையை நடத்தட்டும். அங்கு கற்பிக்கப்படும் எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றை அரசு பரிசோதிக்கட்டும். தரம் சரியாக இருந்தால், எல்லோரும் செலுத்தும் வரிப்பணத்திலிருந்து எல்லோருக்கும் சமமாக உதவி கொடுக்கட்டும். சமய பாடத்தில் அரசுக்கு வேலை இல்லை.

1865இல் சட்டநிரூபண சபை, கல்வி நிலையை ஆராய ஒரு குழுவை நியமித்தது. றிச்சர்ட் மோர்கன் தலைமையிலான அந்தக் குழு கருத்துகளைத் திரட்டியபோது, கத்தோலிக்கத் தரப்பின் பிரதான குரலாக ஒலித்தவர் பொன்ஜீன். குழுவின் அறிக்கை 1867இல் வந்தது. அதன் விளைவாக மத்திய பாடசாலை ஆணைக்குழு கலைக்கப்பட்டு, 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் உருவாகியது. சமய போதனை நடக்கிறதா இல்லையா என்று பாராமல், மதச்சார்பற்ற பாடங்களில் மாணவர் பெறும் பெறுபேற்றை அளவுகோலாக வைத்து உதவிப் பணம் வழங்கும் முறை தொடர்ந்து நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இலங்கையின் கல்வியைத் தாங்கி நின்ற 'உதவி நன்கொடைப் பாடசாலை' முறையின் அத்திவாரம் இதுதான். இந்த மாற்றத்தைப் பொன்ஜீன் தனியொருவராகக் கொண்டுவந்தார் என்று சொல்வது மிகைப்படுத்தலாகும். இங்கிலாந்திலும் அப்போது இதே விவாதம் நடந்துகொண்டிருந்தது. அங்கு வீசிய காற்றும் இங்கு வீசியது. எனினும், இலங்கையில் அந்த வாதத்தை இவ்வளவு தெளிவாகவும் விடாப்பிடியாகவும் முன்வைத்த இன்னொருவரைக் காண்பது கடினம்.

இதற்கிடையில் 1868இல், யாழ்ப்பாணத்தின் அப்போஸ்தலிக்க விக்காராக இருந்த செமேரியா ஆண்டகை மார்செயில் நகரில் காலமானார். அவருடைய இடத்துக்குப் பொன்ஜீன் நியமிக்கப்பட்டார். மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு உள்ளிட்ட பெரும் பரப்பு அப்போது யாழ்ப்பாண விக்காரியாத்தின் கீழ் இருந்தது. துண்டுப்பிரசுரம் எழுதி வாதாடியவரின் கையில் இப்போது நிர்வாகமும் வந்தது. 1850இல் தொடங்கி 'யாழ்ப்பாண ஆண்கள் செமினறி' என்ற பெயரில் இயங்கிய கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை, 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. செமேரியா ஆண்டகையின் காலத்தில், 1862இல், போர்தோவிலிருந்து வந்த திருக்குடும்பக் கன்னியர் பெண் கல்வியைப் பொறுப்பேற்றிருந்தனர். கரையோரக் கிராமங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவுக்குள் எழுந்தன. நம்மூர்ப் பழைய தலைமுறையினர் 'கோயில் பள்ளிக்கூடம்' என்று சொல்லும் வழக்கம் அப்படி வந்ததுதான்.

இனி, அவர் எண்ணியிராத விளைவைப் பார்ப்போம். எந்தச் சமயத்தவரின் பாடசாலைக்கும் உதவி கிடைக்கலாம் என்ற விதி எழுதப்பட்டுவிட்டால், அதைக் கத்தோலிக்கர் மட்டும் பயன்படுத்துவார்களா? நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, ஊரவரின் பிடியரிசியையும் நன்கொடையையும் நம்பி நடத்திவந்தார். பழைய முறையின் கீழ் சைவப் பாடசாலைக்கு அரச உதவி என்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. புதிய முறையின் கீழ் அது கேட்டுப் பெறக்கூடிய உரிமையாகியது. நாவலர் 1879இல் மறைந்தார். 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாகியது. 1923இல் இராசரத்தினம் அவர்களின் முயற்சியால் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் பிறந்து, கிராமம் கிராமமாகச் சைவப் பாடசாலைகளை அமைத்தது. தெற்கில் 1880இல் தோன்றிய பௌத்த பிரம்மஞான சங்கம் 1886இல் ஆனந்தாக் கல்லூரிக்கு வித்திட்டது. இவை அனைத்தும் வளர்ந்தது அந்த உதவி நன்கொடைக் கட்டமைப்புக்குள்தான். கத்தோலிக்க ஆயர் ஒருவர் முன்வைத்த தர்க்கத்தின் நிழலில் சைவமும் பௌத்தமும் தம் பிள்ளைகளை மீட்டுக்கொண்டன.

பொன்ஜீன் ஆண்டகையைச் சமய சமரசத்தின் தூதுவராக நான் காட்ட முயலவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். தம்முடைய திருச்சபையே உண்மையான திருச்சபை என்பதில் அவருக்கு அணுவளவும் ஐயமில்லை. தம் மந்தையை மாற்றாரிடமிருந்து காப்பதே அவருடைய நோக்கம். ஆனால், தனக்காகக் கேட்கும்போது மற்றவனுக்கும் பொருந்தக்கூடிய விதமாகக் கேட்பது எல்லோராலும் முடிகிற காரியம் அல்ல. நம் அரசியலில் சலுகை கேட்டவர்கள் பலர். பொதுவான ஒரு நெறியைக் கேட்டவர்கள் குறைவு.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விதி பொதுவாக இருந்தாலும், களத்தில் மிஷன்மாரே முந்திக்கொண்டிருந்தனர். 1890களின் தொடக்கத்தில் வந்த 'கால் மைல் விதி', ஏற்கெனவே உள்ள பாடசாலையிலிருந்து கால் மைல் தூரத்துக்குள் புதிய பாடசாலைக்கு உதவி கிடையாது என்றது. ஏற்கெனவே உள்ள பாடசாலை யாருடையது? பெரும்பாலும் மிஷனுடையது. சைவர்களும் பௌத்தர்களும் அந்த விதியின்மீது கொண்ட கசப்பு நியாயமானதே. 1960இல் அது பழைய கணக்காக மீண்டும் எடுக்கப்பட்டதிலும் வியப்பில்லை. இன்னொன்று, நெடுங்காலமாக என்னை உறுத்தும் கேள்வி. கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலையிலும் சைவப் பிள்ளை சைவப் பாடசாலையிலும் படித்ததால், ஒரே ஊரில், ஒரே குடாநாட்டில், ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்த தலைமுறைகள் எத்தனை? கலப்புப் பாடசாலையைப் பொன்ஜீன் எதிர்த்த காலத்தில் அது உண்மையில் கலப்புப் பாடசாலையாக இருக்கவில்லை என்பது சரி. உண்மையான ஒரு கலப்புப் பாடசாலை உருவாகும் வாய்ப்பும் அந்த வெற்றியோடு தள்ளிப்போனது என்பதும் சரி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டியிருக்கிறது.

பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவன் என்ற முறையில், அவருடைய இன்னொரு பணியையும் நான் விட்டுவிட முடியாது. 1841இல் அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யைத் தொடங்கியதிலிருந்து, யாழ்ப்பாணத்தில் அச்சு மையம் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தரின் கையில் இருந்தது. நாவலர் தமக்கென ஓர் அச்சகத்தை நிறுவிப் பதில் சொன்னார். கத்தோலிக்கர் தரப்பின் பதில் 1876இல் வந்தது. 'சத்தியவேத பாதுகாவலன்' என்று தமிழிலும், 'கத்தோலிக்கக் காவலன்' என்ற பொருள்படும் பெயரில் ஆங்கிலத்திலும் அந்தப் பத்திரிகை பொன்ஜீன் ஆண்டகையின் காலத்தில் வெளிவரத் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள். 'சத்தியவேதம்' என்பது தமிழ்க் கத்தோலிக்கர் தமது மறையைக் குறிக்கப் பயன்படுத்திய பழைய சொல். மற்றதெல்லாம் சத்தியம் அல்ல என்ற அறைகூவல் அதற்குள்ளேயே இருக்கிறது. 1889இல் சைவர்களின் 'இந்துசாதனம்' களத்தில் இறங்கியபோது, யாழ்ப்பாணத்தில் முக்கோணப் பத்திரிகைப் போர் முழுமையடைந்தது. அந்தக் கண்டனங்களின் மொழி இன்று நமக்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால், தமிழில் வாதத்தை வரிசைப்படுத்தி, எதிராளியின் கூற்றை எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றாக மறுக்கும் உரைநடையை ஈழத்து வாசகர்களுக்குப் பழக்கியது இந்தச் சண்டைதான். நம்முடைய ஆசிரியத் தலையங்கங்களின் பூட்டன் அங்கேதான் இருக்கிறான். 'பாதுகாவலன்' என்று சுருங்கிய பெயரோடு அந்தப் பத்திரிகை இருபத்தோராம் நூற்றாண்டிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. ஈழத் தமிழ்ப் பத்திரிகை எதற்கும் எளிதில் வாய்க்காத ஆயுள் அது.

மடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒல்லாந்தரின் துன்புறுத்தலிலிருந்து மாதாவின் திருச்சுரூபத்தோடு காட்டுக்குள் தப்பி வந்தவர்கள் அமைத்த கோயிலே மருதமடு என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. அங்கு இன்றிருக்கும் ஆலயத்தின் வேலையை 1872இல் தொடங்கியவர் பொன்ஜீன் ஆண்டகை. அது அபிஷேகம் செய்யப்பட்டது 1944இல். தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதவரும் ஒன்றாகக் கூடும் இடமாக அது வளர்ந்தது. பாடசாலையில் பிரித்தவர் கோயிலில் சேர்த்துவைத்தார் என்று குறும்பாகச் சொல்லலாம். 1990களில் அந்த வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் தங்குமிடமாகியதும், 1999 நவம்பரில் அதன்மீதே எறிகணைகள் விழுந்து, அடைக்கலம் புகுந்தவர்கள் மடிந்ததும், 2008 ஏப்ரலில் குருமார் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் செல்ல நேர்ந்ததும் நம் காலத்துச் செய்திகள். அந்தச் சுரூபம் காட்டு வழியே தூக்கிச் செல்லப்பட்டது அது முதல் தடவையல்ல.

1883இல் பொன்ஜீன் ஆண்டகை கொழும்புக்கு மாற்றப்பட்டார். அதுவரை கொழும்பைப் பொறுப்பேற்றிருந்த சில்வெஸ்திரின் சபையினருக்குக் கண்டி ஒதுக்கப்பட்டு, கொழும்பு அமலமரித் தியாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டதன் விளைவு அது. வரவேற்பு இனிதாக இருந்திருக்க முடியாது. அதே ஆண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டிருந்தது. நவீன இலங்கையின் முதல் மதக் கலவரம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் சம்பவம் அது. காயம் ஆறாத அந்த நகரத்தில், அதன் மையமான கொட்டாஞ்சேனையிலேயே, அவர் பணியாற்ற வேண்டியிருந்தது.

1886இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இலங்கையில் திருச்சபை ஆட்சிமுறையை நிறுவியபோது கொழும்பு பேராயர்பீடமாகியது. பொன்ஜீன் அதன் முதற் பேராயரானார். 1892 ஆகஸ்ட் 3ஆம் திகதி கொழும்பில் அவர் காலமாகும்போது அறுபத்தெட்டு வயது. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர், யாழ்ப்பாணத்தில் அவருக்கு அடுத்ததாக ஆயராக இருந்த மெலிசான் ஆண்டகை. தலைநகரில் கத்தோலிக்கருக்கு ஓர் உயர்தரக் கல்லூரி வேண்டும் என்ற பொன்ஜீனின் கனவு, மெலிசானின் காலத்தில், 1896இல், புனித சூசையப்பர் கல்லூரியாக மருதானையில் உருவெடுத்தது.

அவர் கட்டிய அமைப்பு 1960 வரை நின்றது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. அப்போது கொழும்புப் பேராயராக இருந்தவர் தோமஸ் கூரே ஆண்டகை, இலங்கையர் ஒருவர் அந்தப் பீடத்தில் அமர்ந்த முதற் தடவை. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாக அமர்ந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பின்னரே அந்தப் பதற்றம் தணிந்தது. பெற்றோரின் உரிமை என்று நூறு ஆண்டுகளுக்கு முன் பொன்ஜீன் எழுதிய அதே வாதத்தையே அன்று வாசற்படிகளில் அமர்ந்திருந்தவர்களும் சொன்னார்கள். இம்முறை அது எடுபடவில்லை.

கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாக, அரச உதவியின்றி இயங்கலாம் என்ற இடைவெளி ஒன்றைச் சட்டம் விட்டுவைத்திருந்தது. பெருங்கல்லூரிகள் சில அதற்குள் நுழைந்துகொண்டன. கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியும் யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். சைவர்களின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் முதலில் அந்த வழியையே நாடியது. ஆனால், பணநெருக்கடி தாங்காமல் சில ஆண்டுகளுக்குள் அரச பாடசாலையாகியது. குருநகரிலும் பாஷையூரிலும் இருந்த சிறிய கோயில் பள்ளிக்கூடங்களுக்கோ அந்தத் தெரிவே இருக்கவில்லை. பெயர்ப்பலகையில் 'றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை' என்ற எழுத்துகள் அப்படியே இருக்க, அவை அரசாங்கத்தின் பாடசாலைகளாகின.